எலன் வெஸ்ட்: பட்டினி, மனச்சோர்வு, கைவிடப்பட்ட நம்பிக்கை – ஒரு நிகழ்வு ஆய்வு

1921ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று, சுவிட்சர்லாந்தில் போடன் ஏரிக்கரையிலுள்ள க்ராய்ட்ஸ்லிங்கன் நகரத்தின் பெல்வ்யூ மனநல மருத்துவமனையில் மூன்று மருத்துவர்கள் ஒரு பெண்ணைப் பற்றிக் கலந்து பேசினார்கள். அவருக்கு இன்ன நோய் என்பதில் மூவரும் முழுமையாக ஒத்துப்போகவில்லை. நம்பத்தகுந்த சிகிச்சை எதுவும் இல்லை என்பதில் ஒத்துப்போனார்கள். ஆகவே, தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுமாறு அவர் கேட்டுவந்ததற்கு இணங்குவதென்று முடிவாயிற்று. அவருக்குத் தற்கொலை எண்ணம் வலுவாக இருந்தது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மார்ச் 30 அன்று அவர் மருத்துவமனையிலிருந்து வெளியேறினார். அதற்குப் பின் ஒரு வாரம்கூட அவர் உயிரோடு இல்லை.

மருத்துவமனையின் தலைவர் லுட்விக் பின்ஸ்வாங்கர், இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1944–45இல், சுவிட்சர்லாந்தின் நரம்பியல், மனநல மருத்துவ இதழொன்றில் இந்த நிகழ்வைத் தொடர் கட்டுரையாக வெளியிட்டார். எலன் வெஸ்ட் என்பது அவர் சூட்டிய புனைபெயர். 1958இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபின் இது உலகெங்கும் உளவியல் மாணவர்கள் படிக்கும் நிகழ்வாயிற்று. பிறழ்நிலை உளவியலில் மனநிலைக் கோளாறு, உண்ணுதல் கோளாறு, தற்கொலை ஆகிய மூன்றும் பெரும்பாலும் மூன்று தனித்தனி அத்தியாயங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. ஒரே உடலில் அவை ஒன்றையொன்று எப்படி ஊட்டி வளர்க்கின்றன என்பதைக் காண, இவ்வளவு விரிவாகப் பதிவான நிகழ்வு வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

வாசிக்கத் தொடங்கும் முன் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். அவருடைய உடல் எடையின் எண்கள், உண்ட அளவுகள், மருந்துகளின் அளவுகள், இறந்த விதம் ஆகியவை மூலக் கட்டுரையில் உள்ளன. இங்கே அவற்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். உணவோடு போராடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அத்தகைய எண்கள் எட்ட வேண்டிய இலக்காகத் தோன்றக்கூடும் என்பது இத்துறையில் இருப்பவர்கள் அறிந்தது. இதைப் படிக்கும்போது உங்கள் சொந்தத் துயரம் கிளர்ந்தால், இந்தியாவில் டெலி-மனஸ் சேவையின் 14416 என்ற எண்ணையும், இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணையும் எந்நேரமும் அழைக்கலாம்.

குடும்பமும் இளமையும்

எலன் வசதியான யூதக் குடும்பம் ஒன்றில் இரு சகோதரர்களுக்கு இடையில் பிறந்த ஒரே மகள். பத்து வயதில் குடும்பத்தோடு ஐரோப்பாவுக்கு வந்தவர். தந்தை வெளிப்பார்வைக்கு இறுக்கமானவர், செயலூக்கம் மிக்கவர். இரவுகளில் அச்சத்தாலும் தன்னைத்தானே பழித்துக்கொள்ளும் எண்ணங்களாலும் துன்புற்றவர். தாய் மென்மையானவர், திருமணத்துக்கு முன் நிச்சயிக்கப்பட்டிருந்த காலத்தில் நெடுநாள் மனச்சோர்வில் இருந்தவர். தந்தையின் சகோதரர்களில் இருவர் தற்கொலை செய்துகொண்டவர்கள். எலனின் தம்பியும் பதினேழு வயதில் தற்கொலை எண்ணங்களோடு சில வாரங்கள் மருத்துவமனையில் இருந்திருக்கிறார். இன்றைய மருத்துவர் ஒருவர் முதல் சந்திப்பில் கேட்டு எழுதும் குடும்ப வரலாறு இப்படி அமைந்திருந்தால், மனநிலைக் கோளாற்றுக்கும் தற்கொலைக்குமான மரபுவழி நாட்டத்தை அவர் அடிக்கோடிட்டு வைப்பார். பின்ஸ்வாங்கரும் இவை அனைத்தையும் கவனமாகப் பதிவு செய்திருக்கிறார். பதிவு செய்தபின் அவற்றுக்கு உரிய எடையை அவர் கொடுக்கவில்லை என்பதே என் கருத்து.

பள்ளியில் எலன் துடிப்பானவர். ஒரு பாடத்தில் முதலிடம் தவறினாலும் மணிக்கணக்கில் அழுவார். சீசராக இரு, இல்லையேல் ஒன்றுமில்லாமல் இரு என்ற பொருள்படும் இலத்தீன் வாசகத்தைத் தன் கொள்கையாக வைத்திருந்தார். பதினேழாம் வயதில், கடலின் அரசன் வந்து தன்னை முத்தமிட்டே கொன்றுவிட வேண்டும் என்று கவிதை எழுதினார். அந்த வயதில் சாவைப் பற்றிக் கவிதை எழுதுபவர்கள் பலர், அதைக் கொண்டு மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் சாவின் மீதான ஈர்ப்பு, உணவுச் சிக்கல் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது என்ற காலவரிசையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நோயைப் பிரித்தறியும் இடத்தில் இது தேவைப்படும்.

இருபதாம் வயதில் அவருடைய எழுத்துகளில் மகிழ்ச்சி பொங்குகிறது. அதே ஆண்டில், தந்தையின் விருப்பத்துக்கு இணங்கி, தான் நேசித்த ஒருவருடனான நிச்சயதார்த்தத்தை முறித்துக்கொள்கிறார். பின்னர் சிசிலித் தீவுக்குப் பயணம் போகிறார். அங்கே நன்றாகச் சாப்பிட்டு உடல் பூசுகிறது. உடன் வந்த தோழிகள் கேலி செய்கிறார்கள். பருமனாகிவிடுவோமோ என்ற அச்சம் அங்கேதான் தொடங்குகிறது. கேலி நோயை உண்டாக்கிவிட்டது என்று சொல்வது எளிதான விளக்கமாகிவிடும். உடல் பற்றிய கேலியைக் கேட்ட எத்தனையோ பேர் நாலு நாளில் அதை மறந்துபோகிறார்கள். முதலிடம் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்று எண்ணிப் பழகிய மனம், இழந்த காதல், மனச்சோர்வுக்கு இடம் கொடுக்கும் மரபு ஆகியவை ஏற்கெனவே காய்ந்த சருகாகக் கிடந்த இடத்தில் அந்தக் கேலி தீக்குச்சியாக விழுந்தது.

உணவு வாழ்க்கையை விழுங்கிய விதம்

அடுத்த பத்தாண்டுகளில் எலன் சும்மா இருந்துவிடவில்லை. குழந்தைகளுக்கான வாசிப்பு அறைகளை ஏற்படுத்தினார், சமூகப் பணியில் ஈடுபட்டார், பல்கலைக்கழகத்தில் படித்தார், குதிரையேற்றம் கற்றார். மாணவர் ஒருவருடன் மறுபடியும் ஒரு நிச்சயதார்த்தம் நடந்து, பெற்றோர் கேட்டுக்கொண்டபடி இருவரும் பிரிந்திருந்த காலத்தில் கடுமையான மனச்சோர்வு வந்தது. இருபத்தெட்டாம் வயதில் உறவுமுறை அத்தானை மணந்தார். திருமணம் இந்த அச்சத்தைக் கரைத்துவிடும் என்று அவர் நம்பினார். அது கரையவில்லை. இருபத்தொன்பதாம் வயதில் கரு கலைந்தது, மாதவிடாயும் நின்றது. குழந்தை வேண்டும் என்ற ஆசையும், அதற்காக நன்றாக உண்ண வேண்டும் என்ற எண்ணத்தைக் கண்டு எழுந்த அச்சமும் அவருக்குள் நேருக்கு நேர் மோதின.

தன் நிலையை அவர் கணவரிடம் வெளிப்படையாகச் சொல்லவே ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் உணவைக் குறைப்பது, பேதி மருந்துகளையும் தைராய்டு மருந்தையும் தவறாகப் பயன்படுத்துவது, அடக்க முடியாமல் வாரி உண்பது, பின் அதை வெளியேற்றுவது என்று நோய் முழு வடிவம் பெற்றிருந்தது. எந்தக் காரியத்தையும் அது தன்னை மெலியச் செய்யுமா பருக்கச் செய்யுமா என்ற ஒரே கோணத்திலிருந்து பார்த்துச் செய்ததால், எல்லாக் காரியங்களும் தமக்குரிய பொருளை இழந்துபோயின, தன் வேலையும்கூட, என்ற கருத்துப்பட அவர் எழுதியிருக்கிறார். உண்ணுதல் கோளாறு என்றால் என்ன என்பதற்கு, அளவுகோல்களை அடுக்கும் கையேடுகள் தருவதைவிடத் துல்லியமான விளக்கமாக இதை நான் கருதுகிறேன்.

இன்னொரு விவரத்தையும் பின்ஸ்வாங்கர் பதிவு செய்திருக்கிறார். கிடைத்த நேரமெல்லாம் எலன் சுவையான உணவுகளின் செய்முறைகளைத் தன் சமையல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். சுற்றியிருந்தவர்கள் நிறைய உண்ண வேண்டும் என்று வற்புறுத்தினார். தான் மட்டும் உண்ண மறுத்தார். கட்டுரையில் இது போகிற போக்கில் வருகிறது. இந்த நிகழ்வின் சாவிகளுள் ஒன்று இதில்தான் இருக்கிறது.

1920இல் இரண்டு உளப்பகுப்பாய்வாளர்களிடம் அவர் அடுத்தடுத்துச் சிகிச்சை பெற்றார். உணவைச் சுற்றிய ஆசைகளின் மறைபொருள் என்ன, பருமன் என்பது கருவுற்றிருப்பதன் குறியீடா என்ற தேடல்கள் நடந்தன. அந்தத் தேடல் நடந்துகொண்டிருந்தபோதே உடல் தேய்ந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் அவர் பலமுறை தற்கொலைக்கு முயன்றார். அப்போது அவரைப் பார்த்த ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் க்ரேப்பலின், மெலங்கோலியா எனப்படும் கடும் மனச்சோர்வு என்று நோயைக் கணித்தார். பகுப்பாய்வாளர் அதை ஏற்காமல் தம் வழியே தொடர்ந்தார். இறுதியில் உடல்நல மருத்துவர் ஒருவர் தலையிட்டுப் பகுப்பாய்வை நிறுத்தச் சொல்லி, பெல்வ்யூவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்.

பெல்வ்யூவில் ஏறத்தாழப் பதினோரு வாரங்கள்

1857இல் பின்ஸ்வாங்கரின் பாட்டனார் தொடங்கிய அந்த மருத்துவமனை, ஐரோப்பாவின் வசதி படைத்தவர்களும் கலைஞர்களும் வந்து தங்கிய இடம். 1921 ஜனவரி 14 அன்று எலன் அங்கே சேர்ந்தார். கணவரும் உடன் தங்கினார். முதல் வாரங்களில் ஓரளவு அமைதி தெரிந்தது. பின் மறுபடியும் இருள் சூழ்ந்தது. கண்ணாடிக் கோளத்துக்குள் அமர்ந்து மனிதர்களைப் பார்ப்பதுபோல் இருக்கிறது, அவர்களுடைய குரல் மங்கலாகத்தான் வந்து சேர்கிறது, நான் கத்துவது அவர்களுக்குக் கேட்பதில்லை என்று அவர் எழுதினார். இரண்டு பகைச் சக்திகள் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும் மேடையாகத் தன்னை அவர் கண்டார். நோயைப் பற்றிய தெளிவு அவரிடம் மிகுந்திருந்தது. ஆனால் தெளிவு ஏற்பட்டதால் எதுவும் இளகவில்லை.

தற்கொலை அபாயம் பெருகியபோது, அவரைப் பூட்டிய பிரிவுக்கு மாற்றக் கணவரின் ஒப்புதலைப் பின்ஸ்வாங்கர் கேட்டார். குணமாகும் என்றோ, கணிசமாகத் தேறுவார் என்றோ உறுதி தந்தால் மட்டுமே ஒப்புவேன் என்றார் கணவர். பின்ஸ்வாங்கரால் அந்த உறுதியைத் தர முடியவில்லை. மார்ச் 24 அன்று நடந்த கலந்தாய்வு இந்த முட்டுச்சந்தில்தான் கூடியது. வந்திருந்தவர்களில் ஒருவர், மனச்சிதைவு நோய்க்கு ஸ்கிட்சோஃப்ரினியா என்ற பெயரைச் சூட்டிய ஓய்கன் ப்ளாய்லர். மற்றவரை வெளிநாட்டு மருத்துவர் என்று மட்டுமே கட்டுரை குறிப்பிடுகிறது. அவர் ஜெர்மனியின் ஆல்ஃப்ரெட் ஹோஹெ என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வாழத் தகுதியற்ற உயிர்களை அழிப்பதை அனுமதிக்கலாம் என்று வாதிட்ட நூலைச் சட்ட அறிஞர் கார்ல் பிண்டிங்குடன் சேர்ந்து 1920இல் வெளியிட்டவர் இதே ஹோஹெதான். அந்த நூலின் கருத்தே எலனின் விதியை முடிவு செய்தது என்று சொல்லச் சான்றில்லை. ஆயினும், சிகிச்சையின் எல்லை குறித்து முடிவெடுக்கும் மேசையில் எத்தகைய காலத்தின் காற்று வீசியது என்பதை இந்தத் தகவல் இல்லாமல் புரிந்துகொள்ள இயலாது.

மனச்சிதைவு என்பதில் ஐயமே இல்லை என்றார் ப்ளாய்லர். படிப்படியாக வெளிப்பட்டுவரும் ஒரு பிறவிக் குணக்கோணல் என்றார் ஹோஹெ. மெல்ல முற்றும் எளிய வகை மனச்சிதைவு என்பது பின்ஸ்வாங்கரின் கணிப்பு. வெறியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய் இல்லை என்பதில் மூவரும் உடன்பட்டார்கள். அந்நிலையில் எலன் அனுப்பிவைக்கப்பட்டார்.

நோய்ப்பெயரை மறுபடியும் பார்த்தல்

இன்றைய அளவுகோல்களின்படி எலனுக்கு இருந்தது அனோரெக்சியா நெர்வோசா; அதிலும் வாரி உண்டு வெளியேற்றும் வகை. எடை வீழ்ச்சி, பருமன் பற்றிய தீராத அச்சம், உடலின் அளவே தன் மதிப்பின் அளவாகிப்போன நிலை ஆகிய மூன்றும் ஐயத்துக்கு இடமின்றி இருக்கின்றன. இந்நோய் 1921இல் தெரியாத ஒன்றுமல்ல. 1873இல் பாரிசில் ஷார்ல் லசேக்கும் லண்டனில் வில்லியம் கல்லும் தனித்தனியே இதை விவரித்திருந்தார்கள். ஆனால் 1914இல் மோரிஸ் சிம்மண்ட்ஸ் பிட்யூட்டரிச் சுரப்பியின் சிதைவால் வரும் உடல் மெலிவை விவரித்தபின், மெலிந்துபோன பெண்களைச் சுரப்பி நோயாளிகளாகப் பார்க்கும் போக்கு பல பத்தாண்டுகள் நிலவியது. வாரி உண்பதும் வெளியேற்றுவதும் தனியொரு நோய்க்கோலமாக, புலிமியா நெர்வோசா என்ற பெயரில், ஜெரால்ட் ரஸ்ஸலால் விவரிக்கப்பட்டது 1979இல்தான். எலன் உண்ண மறுப்பவராகவும் அடக்கமின்றி உண்பவராகவும் ஒரே நேரத்தில் இருந்தது, அன்றைய மருத்துவர்களுக்கு அறிவுக்கு எட்டாத பிளவாகத் தோன்றியதன் காரணத்தை இது ஓரளவு விளக்குகிறது.

பட்டினி மனத்தை என்ன செய்யும் என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. பின்ஸ்வாங்கரின் கட்டுரை வெளிவரத் தொடங்கிய அதே 1944ஆம் ஆண்டின் நவம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடங்கொடாமல் மாற்றுப்பணி ஏற்ற 36 இளைஞர்கள், போருக்குப் பின் பட்டினிப் பகுதிகளுக்கு உதவும் அறிவைப் பெறுவதற்காகத் தாங்களே முன்வந்து ஏறத்தாழ ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். உடலாலும் மனத்தாலும் நலமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். சில மாதங்களில் அவர்களுடைய பேச்சு, கனவு, நினைவு எல்லாம் உணவாயிற்று. சமையல் நூல்களைச் சேகரித்தார்கள், செய்முறைகளை மணிக்கணக்கில் படித்தார்கள், தட்டில் இருந்ததைக் கிளறிக் கிளறி நேரத்தை நீட்டினார்கள். நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள், சோர்வும் எரிச்சலும் பீடித்தன, சிலர் கட்டுப்பாடிழந்து வாரி உண்டு பின் குற்றவுணர்வில் துடித்தார்கள். உணவு திரும்பக் கிடைத்த பிறகும் மனநிலை உடனே தெளியவில்லை.

எலனின் சமையல் குறிப்பேட்டை இந்த வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மனச்சிதைவின் முன்னறிகுறியாகவோ, இருத்தலின் வெறுமையாகவோ, மறைந்த ஆசைகளின் குறியீடாகவோ மருத்துவர்கள் விரித்துரைத்தவற்றில் ஒரு பெரும் பகுதி, பட்டினி கிடக்கும் மூளையின் எளிய கூக்குரல். அதற்காக எல்லாவற்றையும் பட்டினியின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. மின்னசோட்டா இளைஞர்கள் உணவு கிடைத்ததும் உண்டார்கள். எலனை உண்ணவிடாமல் தடுத்த அச்சம் பட்டினிக்கு முன்பே பிறந்தது. பதினேழு வயதின் சாவுக் கவிதையும் இருபத்தொரு வயதின் மனச்சோர்வும் முற்றிய பட்டினிக்கு முந்தியவை.

ஆகவே, என் கணிப்பில் இங்கே இரண்டு நோய்கள் இருக்கின்றன: மீண்டும் மீண்டும் வந்த மனச்சோர்வும், அனோரெக்சியாவும். முதலாவது இரண்டாவதற்கு நிலம் பண்படுத்திக் கொடுத்தது. இரண்டாவது உடலை வற்றவைத்து முதலாவதை ஆழப்படுத்தியது. வெறியும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனையக் கோளாறாக இருக்கலாமா என்ற கேள்வி மாணவர்களிடமிருந்து தவறாமல் வரும். இருபதாம் வயதின் களிப்பு அதற்குப் போதிய சான்றாகாது. உறக்கத்தின் தேவை குறைதல், அடங்காத செயல்வேகம், அளவு மீறிய தன்னம்பிக்கை போன்றவை குறைந்தது நான்கு நாட்களாவது சேர்ந்து நீடித்ததாகத் தெரிந்தால்தான் மிதமான எழுச்சி நிலை என்றுகூடச் சொல்ல முடியும். காதலும் பயணமும் இருக்கும் வயதில் ஒருவர் மகிழ்ச்சியாகக் கவிதை எழுதுவது நோயாகாது. மனச்சிதைவு என்பதற்கோ, மாயக்குரல்கள், திரிந்த நம்பிக்கைகள், குலைந்த சிந்தனை என எதுவும் பதிவில் இல்லை.

மருத்துவத்தில் நோய்ப்பெயர் வெறும் பெயராக இருப்பதில்லை, அதனோடு ஓர் எதிர்காலமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. மெலங்கோலியா ஒரு கட்டத்தில் விலகக்கூடும் என்பது 1921இன் மருத்துவர்களுக்கும் தெரியும். நோயாளியைக் காத்து, உண்ண வைத்து, காத்திருப்பதே அதற்கு வழி. மனச்சிதைவு என்றால் திரும்பி வராத பாதை என்றே அன்று கருதப்பட்டது. க்ரேப்பலினின் கணிப்பைப் பெல்வ்யூவில் ஏற்றிருந்தால் காத்திருப்பதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். இதை வெறும் ஊகமாக நான் சொல்லவில்லை. எலன் இறந்த சில வாரங்களுக்குள், அதே 1921 ஏப்ரலில், கலை வரலாற்று அறிஞர் ஆபி வார்பர்க் பெல்வ்யூவுக்கு வந்து சேர்ந்தார். அவருக்கும் மனச்சிதைவு என்றே கணித்தார்கள். பழைய அறிவுத்திறன் திரும்புவது அரிது என்றே எண்ணினார்கள். அவருடைய குடும்பம் விடாமல் முயன்று 1923இல் க்ரேப்பலினை அழைத்துக் காட்டியது. இது சோர்வும் எழுச்சியும் கலந்த மனநிலைக் கோளாறு, தேறக்கூடியது என்றார் அவர். 1924இல் வார்பர்க் வீடு திரும்பி, 1929இல் இறக்கும்வரை தம் பெரும்பணிகளைச் செய்தார். ஒரே மருத்துவமனை, ஒரே தலைவர், ஏறத்தாழ ஒரே காலம். இருவருடைய நோயும் வேறு என்பது உண்மைதான்; ஆனால் ஒருவருக்குக் காத்திருப்பு வாய்த்தது, மற்றவருக்கு வாய்க்கவில்லை.

தற்கொலை அபாயம்

பின்ஸ்வாங்கரின் கட்டுரையில் என்னை மிகவும் தொந்தரவு செய்யும் பகுதி எலனின் கடைசி நாளைப் பற்றியது. வீடு திரும்பிய மூன்றாம் நாள் அவர் மாறிப்போனவராகத் தெரிந்தார். பல ஆண்டுகளில் முதல்முறையாக நிறைவாக உண்டார், கணவருடன் நடந்தார், கவிதை வாசித்தார், கடிதங்கள் எழுதினார் என்று சொல்லிவிட்டு, அந்த மரணத்தை அவருடைய வாழ்வின் உண்மையான நிறைவேற்றம் என்ற தொனியில் பின்ஸ்வாங்கர் விளக்குகிறார். தத்துவ மொழி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நெடுநாள் துயரத்துக்குப் பின் திடீரென வரும் அமைதி, தற்கொலை அபாயத்தின் நன்கறிந்த எச்சரிக்கை. இரண்டு எண்ணங்களுக்கு நடுவே இழுபட்ட மனம் ஒன்றை முடிவு செய்துவிட்டதால் வரும் தற்காலிகத் தளர்வு அது. அதை விடுதலை என்று படிப்பது, காய்ச்சல்காரரின் கன்னச் சிவப்பை உடல்நலம் என்று படிப்பதைப் போன்றது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் பின்னாளில் இந்த நிகழ்வை ஆராய்ந்தபோது, அவர் கண்ட மையப் பிரச்சினை தனிமை: தன் உணர்வுகளிலிருந்தே அந்நியப்பட்டும், தன்னை ஒரு பொருளாக ஆராய்ந்த மருத்துவர்களிடையே மனிதராகச் சந்திக்கப்படாமலும் இருந்த தனிமை. கண்ணாடிக் கோளத்துக்குள்ளிருந்து கத்தியவரின் சொற்களை அவர் சரியாகக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

அபாயத்தின் காரணிகளை எலனின் வரலாற்றில் தேட வேண்டியதில்லை, அவை குவிந்து கிடக்கின்றன: குடும்பத்தில் தற்கொலைகள், அண்மைக்கால முயற்சிகள், கடும் மனச்சோர்வு, இழந்த கரு, சிகிச்சைகள் அடுத்தடுத்துத் தோற்றது. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005இல் முன்வைத்த கோட்பாடு இவற்றைக் கோத்துப் பார்க்க உதவுகிறது. யாருக்கும் தான் உரியவரல்லர் என்ற உணர்வும், பிறருக்குத் தான் சுமை என்ற எண்ணமும் சேரும்போது சாகும் விருப்பம் பிறக்கிறது; ஆனால் விருப்பம் செயலாக, வலிக்கும் அச்சத்துக்கும் உடல் பழகியிருக்க வேண்டும் என்கிறார் அவர். ஆண்டுக்கணக்கில் பசியையும் வலியையும் மீறித் தன் உடலை ஒறுத்துப் பழகிய அனோரெக்சியா நோயாளிகளிடம் இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 2011இல் வெளியான, 36 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வு ஒன்று, அனோரெக்சியா உள்ளவர்களின் இறப்பு வீதம் பொதுமக்களில் அவர்களை ஒத்தவர்களின் வீதத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல் என்றும், இறந்தவர்களில் ஐவரில் ஒருவர் தற்கொலையால் இறந்தார் என்றும் காட்டியது. உண்ணுதல் கோளாறு என்றதும் இதயத்தையும் எலும்பையும் மட்டும் சோதித்துவிட்டுத் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்காமல் விடுவது இன்றும் நடக்கிறது.

இவற்றோடு, மருத்துவமனையே சேர்த்த காரணி ஒன்று உண்டு. மனநல மருத்துவமனையிலிருந்து வெளியேறிய முதல் சில வாரங்கள் தற்கொலை அபாயம் மிக உயர்ந்த காலம் என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. எலனை அனுப்பியவர்கள் பின்தொடர் சந்திப்பு எதையும் ஏற்பாடு செய்ததாகப் பதிவில்லை. வீட்டில் எவையெல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன என்று எவரும் கேட்டதாகவும் இல்லை. சிகிச்சை இல்லை என்ற தீர்ப்பு மருத்துவர்களிடமிருந்து கணவருக்கும் கணவர் வழியே எலனுக்கும் வந்து சேர்ந்தது. பூட்டிய அறையா, வீடா என்ற இரண்டே வழிகளைக் காட்டித் தேர்வைக் கணவரின் தலையில் வைத்தார்கள். அந்த மனிதர் எந்தப் பதில் சொல்லியிருந்தாலும் வாழ்நாள் முழுக்க அதைச் சுமந்திருப்பார்.

சிகிச்சையின் கோணம்

மின்னதிர்ச்சி போன்ற சிகிச்சைகள் அன்று இருந்திருந்தால் சற்றுக் காலம் தள்ளிப்போட உதவியிருக்கும், முடிவை மாற்றியிருக்காது என்ற பொருளில் பின்ஸ்வாங்கர் எழுதினார். 1944இல்கூட அவருடைய நம்பிக்கையின்மை குறையவில்லை. இதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, க்ராய்ட்ஸ்லிங்கனிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் அதே ஏரிக்கரையில் உள்ள ம்யூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில், பின்ஸ்வாங்கரின் சிந்தனை வழியைப் பின்பற்றிய ரோலண்ட் கூன், மனச்சோர்வுக்கு இமிப்ரமின் என்ற மருந்து பயன்படுவதை அறிவித்தார். அந்த மருந்து முன்பே இருந்திருந்தால் எலன் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். எடை மிகக் குறைந்த அனோரெக்சியா நோயாளிகளிடம் மனச்சோர்வு மருந்துகள் பெரும்பாலும் பலனளிப்பதில்லை என்பதைப் பிற்கால அனுபவம் காட்டியிருக்கிறது.

இன்று எலனைப் போன்ற ஒருவர் வந்தால் முதல் பணி, அவருடைய உயிரைக் காப்பது. நாடித்துடிப்பு, இரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவுகள், இதய மின்வரைவு ஆகியவற்றைப் பார்த்தபின், உணவைப் படிப்படியாகத் திரும்பத் தொடங்க வேண்டும். நெடும்பட்டினிக்குப் பின் உணவை அவசரமாகக் கூட்டுவதும் உயிருக்கு ஆபத்து. உடல் ஓரளவு தேறும்வரை மனச்சோர்வின் எந்தப் பகுதி பட்டினியுடையது, எந்தப் பகுதி அதற்கு முந்தியது என்று பிரித்தறிய இயலாது. மறைபொருள்களை ஆராயும் உரையாடலும் அதன் பிறகுதான் பயன்படும், ஏனெனில் பட்டினி மூளை எந்தத் தெளிவையும் மாற்றமாக்கும் வலுவற்றது. எலனிடம் தெளிவு நிறைய இருந்தது என்பதை மறுபடியும் நினைவுகூர்கிறேன். இளவயதினராக இருந்தால், பெற்றோரே உணவூட்டும் பொறுப்பை ஏற்றுக் குடும்பமே சிகிச்சையில் பங்கேற்கும் முறைக்கு, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் தொடங்கிய ஆய்வுகளின் ஆதரவு இருக்கிறது. வயது வந்தவர்களுக்கு, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையின், உண்ணுதல் கோளாறுகளுக்கென விரிவாக்கப்பட்ட வடிவம் கைகொடுக்கிறது.

தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் எண்ணம் விதைக்கப்படுவதில்லை. நோயாளியோடு அமர்ந்து, எந்த அறிகுறி தென்படும்போது என்ன செய்வது, யாரை அழைப்பது, ஆபத்தானவற்றை வீட்டிலிருந்து யார் அகற்றுவது என்று எழுதி வைத்துக்கொள்ளும் பாதுகாப்புத் திட்டம் இன்று நடைமுறையில் இருக்கிறது. ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும் என்பதற்கு இலங்கையைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை: 1990களின் நடுவில் உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்றாக இருந்த அங்கத்தைய தற்கொலை வீதம், கொடிய பூச்சிக்கொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் பாதிக்கும் கீழே இறங்கியது. தடை வந்ததால் அந்த மக்களின் துயரங்கள் தீர்ந்துவிடவில்லை. துயரத்தின் உச்சக் கணம் கடந்துபோக அவர்களுக்கு நேரம் கிடைத்தது.

கடைசி நாளில் எலன் எழுதிய கடிதங்களில் இறுதியானது, பெல்வ்யூவில் அவர் நெருங்கிப் பழகிய சக நோயாளிப் பெண் ஒருவருக்கு. அந்த நட்பைக் கட்டுரை ஒரு நோய்க்குறியைப் போலத்தான் கையாள்கிறது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் யாருக்கும் தன் குரல் கேட்பதில்லை என்று எழுதியவர், அந்த ஒருவருக்காவது கேட்கும் என்று நம்பியிருந்தார். மார்ச் 24 அன்று மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த மூவரில் எவரும் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னதாகப் பதிவில் இல்லை.